பட்டையை இடது கோடிக்கு இழுக்கவும்

நகல் எடுப்பவன் படிக்கக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, கடை போட்ட முதல் மாதமே பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒருத்தர் தன்னை வேலையிலிருந்து நீக்கிய கடிதத்தை நகல் எடுக்கக் கொடுத்தார். நான் நல்ல மனசோடு, "விடுங்க சார், வேற வேலை கிடைக்காமலா போயிடும்" என்றேன். அவர் பக்கத்தில் நின்றவர் அவருடைய மாமனார். அந்த நிமிடம் வரை மாமனாருக்கு விஷயம் தெரியாது. அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டதிலிருந்து, கண்ணாடி மேல் எந்தத் தாளை வைத்தாலும் ஓரம் நேராக இருக்கிறதா, மை சரியாக விழுகிறதா என்று மட்டும்தான் பார்ப்பேன். விவாகரத்து மனு, ரத்தப் பரிசோதனை, மொட்டைக் கடிதம் எல்லாம் எனக்கு ஒன்றுதான். தெருவில் என்னை ஜெராக்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். என் சொந்தப் பெயர் ரேஷன் அட்டையில் தூங்குகிறது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் எழுதப்போவது சலவை அக்காவைப் பற்றி. என்னைப் பற்றி எழுதுவதாக இருந்தால் இத்தனை நேர்மையாக ஆரம்பித்திருக்க மாட்டேன்.

சலவை அக்கா பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறாள். பூமிக்குக் கீழே ஒரு தளம். ஜன்னல் கிடையாது. வார்டு வார்டாக அழுக்குத் துணி மூட்டைகள் ஒரு சரிவுக் குழாய் வழியாக வந்து விழும். ரத்தம், சீழ், மருந்து, வாந்தி என்று பிரித்து, தனித்தனியாக ஊறப்போட்டு, துவைத்து, காயவைத்து, சூடான இஸ்திரி உருளைக்குள் விட்டு மடிப்புக் கலையாமல் அடுக்கி மேலே அனுப்ப வேண்டும். காயவைக்கும் எந்திரங்கள் நாலும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு கைச்சாடை உண்டு. இரண்டு விரலைத் தட்டினால் உருளையை நிறுத்து. உள்ளங்கையைக் குப்புறக் கவிழ்த்தால் மேற்பார்வையாளர் வருகிறார். மூக்கைத் தொட்டால் அவர் குடித்திருக்கிறார்.

அவளுக்குப் பிறந்த ஒரே பெண்ணுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்று தெரிந்தபோது, டாக்டர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாராம், மயங்கி விழுவாள் என்று நினைத்து. "எனக்கு எதுக்கு சார் தண்ணி? நான் பத்து மணி நேரம் செவிடியாதான் வேலை பாக்குறேன். அவகிட்ட எப்படிப் பேசணும்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தவள் அவள். ஆனால் வீட்டுக்கு வந்து மூன்று நாள் சாப்பிடவில்லை. அதையும் அவள்தான் சொன்னாள். புருஷன் சரக்குக் கப்பலில் இருக்கிறான். வருடத்துக்கு இரண்டு தடவை வருவான், வந்தால் தூங்குவான்.

பாப்பாவுக்கு மூன்று வயதில் அரசுத் திட்டத்தில் காதுக்குள் கருவி வைத்தார்கள். உள்ளே வைத்தது ஆயுசுக்கும் இருக்கும். வெளியே காதுக்குப் பின்னால் மாட்டுகிற பகுதிதான் ஒலியை வாங்கி உள்ளே அனுப்புகிறது. அதன் ஆயுள் ஐந்து, மிஞ்சிப் போனால் ஆறு வருடம். அரசு அதை ஒரே ஒரு தடவைதான் தரும். அடுத்தது நம் பாடு. அதன் விலை சலவை அக்காவின் மூன்று வருடச் சம்பளம், அதுவும் இடையில் யாரும் சாப்பிடாமல் இருந்தால்.

நான் சொல்லும் இந்தச் சமயத்தில் பாப்பாவுக்கு ஒன்பது வயது. கருவிக்கு ஆறு. பாப்பா வாயாடி. பேச ஆரம்பித்தால் கடையில் இரண்டு வாடிக்கையாளர் திரும்பிப் போய்விடுவார்கள். ஆனால் கருவியின் ஒயர் நைந்துபோய், ஆஸ்பத்திரி பிளாஸ்திரி சுற்றித்தான் நின்றது. வகுப்பில் பாடத்துக்கு நடுவே பட்டென்று நின்றுவிடும். பாப்பா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒயரைப் பிடித்து, மறுபடி ஒலி வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பாள். டீச்சர் அதைக் கவனக்குறைவு என்று எழுதி அனுப்பினாள். அந்தச் சீட்டையும் நான்தான் நகல் எடுத்தேன்.

எங்கள் ஊரில் இப்படி இருக்கிற குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கின்றன. சலவை அக்கா செயலாளர். நகராட்சி மன்றத்தின் பின்கூடத்தில் மாதத்தின் முதல், மூன்றாம் சனிக்கிழமைகளில் கூடுவார்கள். இரண்டாம், நான்காம் சனிக்கிழமை அதே கூடம் சக்கர நாற்காலிக்காரர்களின் சங்கத்துக்கு. இந்த இரண்டு கூட்டமும் ஒன்றை ஒன்று நேரில் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் நாற்காலிகளைத்தான். காது கேட்காத பிள்ளைகள் பேசுகிறவர் வாயைப் பார்க்க வேண்டும் என்பதால் அக்காவின் ஆட்கள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த வாரம் வருகிறவர்களுக்கு நாற்காலியே தேவையில்லை, அவர்கள் உட்கார்ந்துகொண்டேதான் வருவார்கள். திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் யாரையாவது வைத்துச் சுவரோரம் அடுக்குவார்கள். அதற்கடுத்த வாரம் அக்கா திட்டிக்கொண்டே இறக்குவாள். "எவன்டா இவன், தலைக்கு மேல அடுக்கி வச்சிருக்கான்?" என்று அவள் கேட்பது, அந்தப் பக்கம் "எவ இவ, வட்டமா போட்டுக் கும்மியடிக்கிறாளா?" என்று கேட்டதற்குச் சரியான பதில். இரண்டு திட்டும் என் கடைக்கு வரும். எனக்குப் பொழுது போகும்.

அந்த வருடம் பட்ஜெட்டுக்குப் பத்து வாரம் முன்னால் மத்திய நிதித்துறை இணையத்தில் ஒரு விளையாட்டை விட்டது. ‘நாட்டின் பை உங்கள் கையில்’ என்று பெயர். குடிமக்களே நிதியமைச்சராக உட்கார்ந்து பட்ஜெட் போடலாம். போட்ட பட்ஜெட்டைச் சமர்ப்பித்தால் அரசு அதைக் கவனத்தில் கொள்ளும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஒரு கைபேசி எண்ணுக்கு ஒரு சமர்ப்பிப்பு. முடித்தவர்களுக்குப் பெயர் போட்ட சான்றிதழ்.

அக்கா வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்தாள். கையெல்லாம் சோடாவில் ஊறிச் சுருங்கியிருந்தது.

"தம்பி, அந்த ஓரத்து கம்ப்யூட்டர எனக்கு ஒரு மணி நேரம் விடு. நான் நாட்ட ஆளணும்."

"ஆளுக்கா. கரண்ட் போறதுக்குள்ள ஆண்டுடு."

திரையில் வரிசையாகப் பட்டைகள். ஒவ்வொரு பட்டையும் ஒரு செலவு. வலது பக்கம் இழுத்தால் கூடும், இடது பக்கம் இழுத்தால் குறையும். மேலே பற்றாக்குறை காட்டும் முள். ஓரத்தில் கோட்டு போட்ட ஒரு குண்டு பொம்மை கையில் பையோடு நிற்கும். முள் பச்சையில் இருந்தால் சிரிக்கும், சிவப்புக்குப் போனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும். விழுந்தால் ஆட்சி கவிழ்ந்தது என்று அர்த்தம். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முதல் நாள் அக்கா எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்தாள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடிநீர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வலது பக்கம் தள்ளினாள். பொம்மை நாலாவது நிமிடம் செத்துப்போனது. இரண்டாவது ஆட்டத்தில் பெரிய பணக்காரர்கள் மேல் வரி போட்டாள். பட்டை அரை விரல் அளவு நகர்ந்ததும் மணியடித்து ‘முதலீடு வெளியேறும்’ என்று எச்சரிக்கை வந்தது. அதற்கு மேல் நகரவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் ராணுவத்தின் பட்டையைப் பிடித்தாள். திரையில் பாதியை அடைத்துக்கொண்டு கிடந்த பட்டைகளில் அது ஒன்று. அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பூட்டுப் படம். வட்டிக்கும் பூட்டு. ஓய்வூதியத்துக்கும் பூட்டு. மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பங்குக்கும் பூட்டு. ‘இவை ஏற்கனவே உறுதியளிக்கப்பட்ட செலவினங்கள்.’

"இது என்ன, தொறக்காதா?"

"அது படம்க்கா. பூட்டு இல்ல."

"படம்னா எதுக்கு இத்தன பெருசா காட்டுறான்?"

அவள் விடவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தாள். பாப்பாவின் பழைய கணக்கு நோட்டில் ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுதினாள். ஏழாம் வகுப்போடு நின்றவள். மூன்றாம் ஞாயிறு முடிவில் அவளுக்குத் தெரிந்த அளவு பட்ஜெட் இந்த ஊரில் எந்த வக்கீலுக்கும் தெரிந்திருக்காது. வாங்கின கடனுக்கு வட்டி கட்டவே திரும்பக் கடன் வாங்குகிறார்கள் என்று கண்டுபிடித்த அன்று எழுந்து நின்று கத்தினாள். "என் வீட்ல நான் இப்படிப் பண்ணா என்னைய என்ன சொல்லுவான் தெரியுமா என் புருஷன்?" பிறகு உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"தம்பி, நூறுல எண்பத்தஞ்சுக்குப் பூட்டு போட்டு வச்சிட்டு, மிச்சப் பதினஞ்ச நம்ம கையில குடுத்து, இத வச்சு நியாயமா இருங்கன்னு சொல்றான். அந்தப் பதினஞ்சுல இருக்குறது யாரு? எல்லாம் நம்ம மாதிரி ஆளுங்க. ஒருத்தன் தட்டுல இருந்து எடுத்துதான் இன்னொருத்தன் தட்டுல போட முடியும்."

புரிந்துகொண்டவளுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. அதுதான் அவளுடைய கெட்ட நேரம்.

‘செவிக்கருவி மானியம்’ என்று ஒரு மெல்லிய பட்டை அந்தப் பதினைந்தில் இருந்தது. அதை வலது பக்கம் இரண்டு கோடு தள்ளினால், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வெளிக் கருவியை மாற்றித் தருவார்கள். பாப்பாவுக்கு வேண்டியது அந்த இரண்டு கோடு. ஆனால் தள்ளினால் முள் சிவப்புக்குப் போகும். பச்சையில் இல்லாவிட்டால் சமர்ப்பிக்கும் பொத்தான் வேலை செய்யாது. ஆகவே எதையாவது குறைத்தே ஆக வேண்டும். ஒவ்வொரு பட்டைக்குக் கீழேயும் ‘இதனால் பாதிக்கப்படுவோர்’ என்று ஓர் எண் போட்டிருந்தது. அவள் நாலு நாள் யோசித்தாள். மதிய உணவைத் தொடமாட்டேன் என்றாள். காசநோய் மாத்திரையைத் தொடமாட்டேன் என்றாள். கடைசியில் தன் பட்டையை விட்டுவிட்டு, பட்டியலிலேயே மிகச் சின்ன எண் எதற்குக் கீழே இருக்கிறது என்று தேடினாள்.

"யாரையாச்சும் அடிச்சுதான் ஆகணும்னா, கொஞ்சம் பேர அடிக்கிற எடத்துல அடிப்போம். அதுக்கு மேல எனக்குப் புத்தி இல்ல."

அந்த எண்ணுக்கு மேலே இருந்தது ‘சக்கர நாற்காலி பழுதுபார்ப்புக் கூடங்கள்’. சக்கரம் உடைந்தால் இலவசமாகச் சரிசெய்து தரும் பட்டறைகள்.

சங்கத்தில் இருநூற்று முப்பது குடும்பம். எல்லாருக்கும் பட்ஜெட் புரியவைக்க முடியாது. அதனால் ஆறு படிகளில் ஒரு தாள் தயாரித்தாள். அவள் சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்தேன். முதல் படி, தளத்தைத் திறக்கவும். இரண்டாம் படி, எண்ணைக் கொடுக்கவும். இப்படியே போய் ஐந்தாம் படி, செவிக்கருவி மானியம், பட்டையை வலப்பக்கம் இரண்டு கோடு நகர்த்தவும். ஆறாம் படி, சக்கர நாற்காலி பழுதுபார்ப்புக் கூடங்கள், பட்டையை இடது கோடிக்கு இழுக்கவும். இழுத்தால் முள் பச்சைக்கு வரும். பொம்மை சிரிக்கும். சமர்ப்பிக்கவும்.

தாள் அச்சுப் பிசகாமல் வந்தது. அதைக் கைபேசியில் படம் எடுத்து வேற்றூர்ச் சங்கங்களுக்கும் அனுப்பினாள். ஒரே வாரத்தில் நாற்பது ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. என் கடையில் சான்றிதழ் அச்சடிக்கக் கூட்டம் அலைமோதியது. ‘நாட்டைக் காத்த நிதியமைச்சர்’ என்று தங்க நிற எழுத்து, பொம்மையின் சிரிப்பு, கீழே அவரவர் பெயர். பாப்பாவும் அம்மாவின் எண்ணில் விளையாடித் தன் பெயரில் ஒன்று வாங்கினாள். நான் அதைப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தேன். "மாமா, நான் மந்திரி ஆயிட்டேன். இனிமே என்கிட்ட மரியாதையா பேசுங்க" என்றாள்.

அதற்கு ஒன்பது நாள் கழித்து சக்கரம் கடைக்கு வந்தார்.

சக்கரம் என்பது அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவராக இருந்தவர். ஒரு மழை நாளில் மேலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. வாய் மட்டும் முன்னைவிட இரண்டு மடங்கு. சக்கர நாற்காலிக்காரர் சங்கத்தின் தலைவர் அவர்தான். "என்னப்பா ஜெராக்ஸ், படி வச்சு கட கட்டியிருக்க, என்னைய மாதிரி ஆளு வந்துரக் கூடாதுன்னா?" என்று வாசலிலிருந்தே கத்திவிட்டு, தாளை என்னிடம் நீட்டினார். "இருநூறு எடு. வேற ஊரு சங்கத்துக்கும் அனுப்பணும். அவசரம்."

ஓடவிட்டேன். முதல் நாலைந்து தாளில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. உருளையில் அழுக்கு. கோடு விழுந்த இடம் படிக்கிற மாதிரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது என் வேலை. பார்த்தேன். கோடு சரியாகக் கடைசி வரிக்கு மேலே போயிருந்தது. அந்தத் தாளிலும் ஆறு படி. ஐந்தாம் படியில் அவர்களுடைய பட்டறை வலப்பக்கம். ஆறாம் படி: செவிக்கருவி மானியம், பட்டையை இடது கோடிக்கு இழுக்கவும்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பட்டியலிலேயே மிகச் சின்ன எண்கள் இரண்டே இரண்டு. ஒன்று இவர்களுடையது, ஒன்று அவர்களுடையது. தன்னுடையதை விட்டுவிட்டு அடுத்த சின்ன எண்ணைத் தேடினால், இவர்கள் அவர்களிடம் போய் நிற்பார்கள், அவர்கள் இவர்களிடம் வந்து நிற்பார்கள். இரண்டு பேரும் நல்லவர்களாக இருந்ததுதான் காரணம். கெட்டவர்களாக இருந்திருந்தால் ஆளுக்கொரு பெரிய எண்ணை அடித்திருப்பார்கள்.

நான் சிரித்தேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் சிரித்தேன். முதல் சனிக்கிழமை வட்டமாகப் போட்ட நாற்காலியை இரண்டாம் சனிக்கிழமை அடுக்குவது மாதிரியே இதுவும் ஒரு வேடிக்கை என்று தோன்றியது. உருளையைத் துடைத்தேன், கெட்டுப்போன தாள்களை ஓரமாக வைத்தேன், இருநூறை எண்ணிக் கொடுத்தேன். "என்னப்பா, ஏதோ சிரிக்கிற?" என்று சக்கரம் கேட்டார். "ஒண்ணும் இல்லண்ணே, வேற யோசன" என்றேன்.

சமர்ப்பிக்கக் கடைசித் தேதிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. மறுநாளே சலவை அக்கா வந்து இன்னும் ஐம்பது தாள் கேட்டாள். நாக்கு நுனி வரை வந்தது. இரண்டு பேரையும் கூப்பிட்டு வைத்து, ஆளுக்கு ஆறாவது படியை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். சொல்லவில்லை. இரவு சாப்பாட்டின்போது வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள், பிறகு நிறுத்திக்கொண்டு, "ஏங்க, அவங்ககிட்ட சொல்லலாம்ல?" என்றாள். "கஸ்டமர் பேப்பர நாங்க படிக்கிறதில்ல. அது தொழில் தர்மம்" என்றேன். "படிச்சிட்டீங்களே" என்றாள். "சும்மா சாப்பிடு. வெளையாட்டு அது. இத வச்சா பட்ஜெட் போடப் போறான்?" என்றேன். எனக்குப் பெரிய ஞானி என்ற நினைப்பு.

பட்ஜெட் நாளன்று சலவைப் பிரிவில் எந்திரங்களை நிறுத்தச் சொல்லிவிட்டு எல்லாரும் ஒரு கைபேசியைச் சுற்றி நின்றார்களாம். பதினாறு வருடத்தில் அந்தத் தளம் அமைதியாக இருந்தது அன்றைக்கு மட்டும்தான் என்று அக்கா பின்னால் சொன்னாள். அமைச்சர் பேச்சின் நடுவில் அந்த விளையாட்டைப் பற்றிப் பெருமையாகக் குறிப்பிட்டார். இத்தனை லட்சம் குடிமக்கள் பங்கெடுத்தார்கள், எங்கே கூட்டலாம் என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து, ஆனால் எங்கே குறைக்கலாம் என்பதில் மக்கள் வியக்கத்தக்க ஒற்றுமை காட்டினார்கள் என்றார். மக்களின் அந்த ஒற்றுமைக்குத் தலைவணங்கி, செவிக்கருவி மானியமும் பழுதுபார்ப்புக் கூடங்களும் அடுத்த நிதியாண்டிலிருந்து நிறுத்தப்படும். அவையில் மேசைகளைத் தட்டினார்கள்.

அக்காவுக்கு முதலில் தன்னுடையது மட்டும்தான் காதில் விழுந்தது. யார் குறைத்தார்கள், ஏன் குறைத்தார்கள் என்று மண்டையைக் குடைந்துகொண்டாள். "என் பிள்ளையோட காதப் போயி எவன்யா வேண்டாம்னு இழுத்தான்? என்ன பாவம் பண்ணுச்சு அது?" என்று என் கடையில் நின்று அழுதாள். நான் தண்ணீர் கொடுத்தேன். வேறு என்ன கொடுப்பது என்று தெரியவில்லை.

நாலு மாதத்தில் பாப்பாவின் கருவி நின்றது. பிளாஸ்திரிக்கும் ஒயருக்கும் கட்டுப்படாமல், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கும்போது முழுசாக நின்றது. முதல் இரண்டு நாள் பாப்பா விளையாட்டு மாதிரி இருந்தாளாம். மூன்றாம் நாளிலிருந்து பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு தொண்டு அமைப்பு பழைய கருவிகள் தருகிறது என்று யாரோ சொன்னதால், அக்கா விண்ணப்பத்தோடு கடைக்கு வந்தாள். நான் நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். அமைப்பின் எண்ணைக் குறித்துக்கொள்ள அவளுக்குத் துண்டுச் சீட்டு வேண்டியிருந்தது. என் கடையில் கெட்டுப்போன தாளை வீணாக்க மாட்டேன். குறுக்கே நாலாகக் கிழித்து, ஒரு மூலையில் கிளிப் போட்டு, எழுதாத பக்கம் மேலே தெரியும்படி மேசையில் வைத்திருப்பேன். எல்லா ஜெராக்ஸ் கடையிலும் இருக்கும். அக்கா அதிலிருந்து ஒன்றை உருவி எண்ணை எழுதினாள். மை ஊறுகிறதா என்று பார்க்கவோ என்னவோ, திருப்பினாள்.

குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. அதன் அடியில் ஆறாம் படி.

எந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. நான் அதை நிறுத்தவில்லை, நிறுத்தினால் பேச வேண்டியிருக்கும். அவள் அந்தத் துண்டை மூன்று தடவை படித்தாள். பிறகு அதே கட்டிலிருந்து இன்னொரு துண்டை எடுத்தாள். அதில் தாளின் மேல் பகுதி இருந்தது, சக்கர நாற்காலிச் சங்கத்தின் பெயரோடு.

"இத எப்ப அடிச்ச?"

"ஞாபகம் இல்லக்கா. எவ்வளவோ வருது."

"என் தாள அடிச்சதுக்கு முன்னாலயா பின்னாலயா?"

நான் விண்ணப்பத்தின் அடுத்த பக்கத்தை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தேன்.

"தம்பி, நீ படிச்சியா?"

"நாங்க படிக்கிறதில்லக்கா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பேசுகிறவர்களின் வாயையே பார்த்துப் பார்த்துப் பழகியவள் அவள். வேலை செய்யும் இடத்திலும் அதுதான், வீட்டிலும் அதுதான். அவளிடம் பொய் சொல்ல இந்த ஊரில் யாராலும் முடிந்ததில்லை, நான் எம்மாத்திரம். அவள் திட்டியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். இரண்டு துண்டையும் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, விண்ணப்ப நகலுக்கு உண்டான காசை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த இரண்டாம் சனிக்கிழமை, அது அவளுடைய நாள் இல்லை, பின்கூடத்துக்குப் போனாளாம். சக்கரம் முன்னால் தன்னுடைய தாள் ஒன்றையும் அந்தத் துண்டுகளையும் வைத்தாளாம். அங்கே என்ன நடந்தது என்று எனக்கு முழுசாகத் தெரியாது. கத்தினார்கள் என்று காவலாளி சொன்னான். அன்று கூடத்தைப் பூட்டும்போது நாற்காலிகள் பாதி வட்டமாகக் கிடந்தனவாம். மீதிப் பாதிக்கு அவர்கள் தங்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்கள் போல.

மூன்று வாரமாக அவள் என் கடைப்பக்கம் வரவில்லை. பேருந்து நிலையத்துக் கடைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். அங்கே எழுத்து மங்கலாக விழும். அதையே அவள் விரும்புகிறாள் என்றால் நான் என்ன சொல்ல முடியும்?

நாலாவது வாரம், ஒரு சாயங்காலம், வந்தாள். பக்கத்தில் பாப்பா, காதுக்குப் பின்னால் ஒன்றுமில்லாமல். வாசலில் சக்கரம். நாற்காலியின் முன் சக்கரம் ஒன்று கோணலாகத் தொங்கியது. அதைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். என் படியைப் பற்றி அவர் அன்று ஒன்றும் சொல்லவில்லை. அக்கா ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் வழக்கம் போல அதைக் கவிழ்த்துக் கண்ணாடி மேல் வைக்கப் போனேன்.

"இரு. படி."

"அக்கா..."

"படி தம்பி. சத்தமா படி. எல்லாருக்கும் கேக்கட்டும்."

படித்தேன். இரண்டு சங்கமும் சேர்ந்து நிதியமைச்சருக்கு எழுதிய மனு. நீங்கள் பூட்டி வைத்ததை எங்களுக்குக் காட்டிவிட்டு, பூட்டாததற்குள் எங்களை மோதவிட்டீர்கள் என்று ஆரம்பித்தது. நல்ல எழுத்து. அவள் சொல்லச் சொல்ல சக்கரம் எழுதியிருக்க வேண்டும், நடு நடுவே அவர் குசும்பும் தெரிந்தது. இரண்டாம் பத்தியில் இப்படி இருந்தது: நாங்கள் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒருவர் கழுத்தில் ஒருவர் கை வைத்தோம். அறிந்தவர் ஒருவர் இருந்தார். அவர் எங்களிடம் சொல்லவில்லை.

அந்த வரியோடு நிறுத்தினேன். பாப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தியதும் அம்மா பக்கம் திரும்பி, கையால் ஏதோ கேட்டாள். அக்கா கையால் பதில் சொன்னாள். எனக்கு அந்தச் சாடை தெரியாது. ஆனால் முடிவில் அவள் விரல் என் பக்கம் நீண்டது தெரிந்தது. பாப்பா மறுபடி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். புரியாமல் பார்த்தாள்.

மீதியைப் படித்து முடித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டேன்.

"எத்தன காப்பிக்கா?"

"ரெண்டு. அந்த மந்திரிக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு."

எடுத்தேன். ஓரம் பார்க்காமல் வைத்ததில் இரண்டாவது தாள் கோணலாக விழுந்தது. அதைக் கிழிக்கப் போனேன். "வேண்டாம், அது உன்னோடதுதான்" என்றாள். காசு வேண்டாம் என்றேன். சில்லறையை எண்ணி மேசையில் வைத்தாள். சக்கரம் கோணல் சக்கரத்தைத் திருப்ப முடியாமல் தெருவில் முன்னும் பின்னும் தடுமாற, அக்கா போய்ப் பின்னால் பிடித்துக்கொண்டாள்.

பாப்பா எப்போதும் சொல்வதை அன்றும் சொன்னாள், "போயிட்டு வர்றேன் மாமா." தன் குரல் தனக்கே கேட்காததால், எதிர்ச்சாரிக் கடைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அது பெரிதாக வந்தது. நான் "சரிம்மா, பாத்துப் போ" என்றேன். அதற்குள் அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தாள். நான் இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.